நான் விழித்திருந்த மத்தியானம்

அன்று வெயில் எனக்குக் குளிர்ந்தது.

துணுக்காய்ப் பக்கத்தில், எங்களுக்கு இடம் தந்த ஒரு தோட்டக்காரரின் கிணற்றடியில் நின்றிருந்தேன். மத்தியானம். வாளியைத் தூக்கிக் கரையில் வைத்தபோது உள்ளங்காலில் இருந்து ஒரு குளிர் மெதுவாக மேலே ஏறியது. முழங்காலில் சற்று நின்றது. பிறகு முதுகுக்குப் போனது. சீலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு வெயிலுக்குள் நகர்ந்து நின்றேன். வெயிலும் தண்ணீர்போல என்மேல் வழிந்தது.

சண்டையால் கிளிநொச்சியை விட்டு நாங்கள் வந்த வருடம் அது. வந்தவர்கள் எல்லோருக்கும் அந்த மாரி மழைக்குப் பிறகு காய்ச்சல் இருந்தது. நாங்கள் தங்கியிருந்த ஓலைக் கொட்டில்களில், கொட்டிலுக்குக் கொட்டில் அது மாறி மாறிப் போனது. அதனால் நான் பயப்படவில்லை. ஆனால் என் வயிற்றில் பிள்ளை இருந்தது. ஆறு மாதம் முடிந்து ஏழு தொடங்கியிருந்தது. எங்களுடைய முதல் பிள்ளை.

இதை வாசிப்பவர்களில் யாராவது வயிற்றில் பிள்ளையோடு காய்ச்சலில் கிடந்தால், அவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். விட்டுவிட்டு வருவதுதான் அதன் குணம். நான் இருந்துவிட்டேன்.

இதில் என் கணவரின் பெயர் வராது. அவர் அப்படிக் கேட்டார். லெட்சுமியின் பெயர் வரும். அவள் அப்படிக் கேட்டாள்.

லெட்சுமி எங்களுக்கு அடுத்த கொட்டிலில் இருந்தாள். அவளுடைய தாய் தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்தவர்கள். அவள் கிளிநொச்சியில் பிறந்தவள். ஆனாலும் வீட்டுப் பேச்சு மலைநாட்டுப் பேச்சாகவே இருந்தது. என்னைவிட இரண்டொரு வயது இளையவள். நாங்கள் இருவரும் ஒரே நாளில், ஒரே உழவு இயந்திரப் பெட்டியில், சட்டி பானைகளுக்கு நடுவே இருந்து இடம்பெயர்ந்தோம். அப்படித்தான் பழக்கம்.

முதல் காய்ச்சலுக்கு இரத்தம் குத்திப் பார்த்தார்கள். விரல் நுனியில் ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்தார்கள். மலேரியா என்றார்கள். குளோரோகுயின் (கிருமியைக் கொல்லும் குளிசை, நாக்கில் பட்டால் அன்று முழுவதும் கைப்பு) தந்தார்கள். குடித்தேன். வியர்த்தது. விட்டது. சமைத்தேன், துவைத்தேன். பிள்ளை உள்ளே உதைத்தது. அந்த உதை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது என் நினைவு. அதை நான் தயங்காமல் எழுதலாம்.

பிறகு காய்ச்சல் திரும்பி வந்தது. இந்த முறை நடுக்கம் குறைவு. ஆனால் தலை கனத்தது. அடுப்பில் இருந்த பானையைப் பார்த்துக்கொண்டே, இது என்ன சாமான் என்று யோசித்தேன். அதன் பெயர் எனக்கு வரவில்லை. அது சிரிப்பாக இருந்தது. அவரைக் கூப்பிட்டுச் சொல்ல நினைத்தேன். அவருடைய பெயரும் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் எழுதப்போவதில் பெரும்பகுதி எனக்குச் சொல்லப்பட்டது.

எனக்கு வலிப்பு வந்ததாம். சயிக்கிள் கரியரில் என்னை இருத்தி, விழாதபடி அவருடைய முதுகோடு சேர்த்து அவருடைய சாரத்தால் (லுங்கியால்) கட்டி, லெட்சுமி பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். ஆஸ்பத்திரி என்றால் அதுவும் எங்களைப்போல இடம்பெயர்ந்து வந்ததுதான். ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில் கட்டில்களும், கட்டில் போதாமல் பாய்களும். வெளியே தென்னோலைக் கிடுகுக் கொட்டில்கள். கொட்டிலில்தான் எனக்கு இடம் கிடைத்தது.

டொக்டர் களைத்துப்போன முகமுள்ள ஒரு இளம் மனிதர். மூளை மலேரியா என்றார். (கிருமி ஏறிய இரத்தக் கலங்கள் மூளையின் மெல்லிய குழாய்களில் ஒட்டி அடைத்துவிடும் நிலை. நினைவு தப்பும், வலிப்பு வரும், பலர் மீள்வதில்லை.) குயினைனை சேலைனில் கலந்து ஏற்ற வேண்டும் என்றார்.

"மருந்து இருக்குதோ டொக்டர்?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"தொடங்கிறதுக்கு இருக்கு. முடிக்கிறதுக்குக் காணாது. முள்ளியவளைப் பக்கம் கேட்டுப் பாக்கலாம். ஆரும் போய் வாறதெண்டால் நான் துண்டு எழுதித் தாறன்."

"நான் போறன்."

"பிள்ளையைப் பற்றி இப்ப ஒண்டும் சொல்லேலாது. முதல் தாயைப் பாப்பம்."

இவர் சயிக்கிளில் காட்டுப் பாதையால் போனார். போகும்போது என் தலைமாட்டில் லெட்சுமியை இருத்திவிட்டுப் போனார்.

இனி எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன்.

நான் இரணைமடுக் குளத்தின் அடியில் இருந்தேன். தண்ணீர் மேலே எங்கோ வெகு உயரத்தில் முடிந்தது. அங்கே வெளிச்சம் சின்னச் சின்னப் பொட்டுகளாக ஆடிக்கொண்டிருந்தது. மீன்கள் அவசரமில்லாமல் என் முகத்தருகே வந்து நின்று, பார்த்து, போயின. குளத்தின் அடியில் கிளிநொச்சி இருந்தது. எங்கள் தெரு, எங்கள் வாசல் படலை, நான் கணக்கெழுதிய கூட்டுறவுச் சங்கக்கடை, எல்லாம் பாசி பிடிக்காமல் அப்படியே இருந்தன. ஆட்கள் தண்ணீருக்குள் சாமான் வாங்கிப் போனார்கள். யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. மூச்சுவிட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. என் காதுக்குள் ஒரு மணி ஓயாமல் ஒலித்தது. அது கோயில் மணி என்று நினைத்தேன். (குயினைன் ஏறும்போது காது இரையும் என்று பிறகு அறிந்தேன். உங்களுக்கும் இரைந்தால் பயப்படாதீர்கள். மருந்து நின்ற பிறகு மெல்ல மெல்லக் குறையும்.)

அந்த மணிக்கு நடுவே ஒரு குழந்தை அழுதது.

மேலே, தண்ணீர் முடியும் இடத்தில், ஒரு வள்ளத்தில் இருந்து அது அழுதது. மெல்லிய அழுகை. பூனைக்குட்டியின் குரலைவிடச் சற்றுப் பெரியது. ஒருமுறை அழுது, நின்று, மறுபடி ஒருமுறை. நான் மேலே போக வேண்டும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. காலை உதைத்தேன். வெளிச்சப் பொட்டுகள் கிட்ட வந்தன. கிடுகுக் கூரையின் ஓட்டைகள். அவற்றினூடாகப் பகல்.

நான் கண்விழித்தபோது இவர் கால்மாட்டில் இருந்தார். தாடி வளர்ந்திருந்தது. என் வயிறு தட்டையாக இருந்தது. நான் கையை வைத்துப் பார்த்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொம்பிளைப் பிள்ளை," என்றார். "தங்கேல்லை."

"அழுதவள்," என்றேன். "எனக்குக் கேட்டது."

அவர் என் காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

உடம்பு தேறியது மிக மெதுவாகத்தான். தலைமயிர் கொத்துக் கொத்தாகப் போயிற்று. நடந்தால் நிலம் சரிந்தது. மார்பில் பால் கட்டி நின்றது. பால் வற்றுவதற்காக மல்லிகைப்பூ வைத்துக் கட்டினார்கள். யாரோ பேசிய வசனத்தின் முடிவு வரும்போது அதன் தொடக்கம் எனக்கு மறந்துபோகும். ஆனால் அந்த அழுகை மறக்கவில்லை. அதை எல்லோருக்கும் சொன்னேன். பார்க்க வந்தவர்களுக்கு, மாமிக்கு, பிறகு மீண்டும் கிளிநொச்சிக்குத் திரும்பியபின் புது அயலுக்கு. அவள் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்தாள், அழுதாள், அந்த அழுகைதான் என்னை எழுப்பியது என்று சொன்னேன். கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். சொல்லச் சொல்ல அது எனக்கு இன்னும் தெளிவாகக் கேட்டது.

அண்மையில் கர்ப்பிணிகள் கிளினிக்கின் மருத்துவமாது ஒருவர் என்னிடம் கேட்டார்: "நீங்கள் சொல்லுறதை ஒருக்கா எழுதித் தாங்கோவன். இஞ்ச வாற பிள்ளையளுக்கு வாசிச்சுக் காட்டலாம். நாங்கள் சொன்னால் புத்திமதி எண்டு நினைக்கினம்."

ஓம், தருகிறேன் என்றேன். எழுத இருந்தேன். கிணற்றடி வந்தது. பானை வந்தது. குளம் வந்தது. அழுகைக்கு வந்ததும் பேனை நின்றது.

வாயால் சொல்லும்போது அப்படி நின்றதில்லை. காரணம் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. வாயால் சொன்னது என்னோடு இருந்தது. எழுதினால் அது என்னைவிட்டுப் போய், வயிற்றில் பிள்ளையோடு கிளினிக்கின் வாங்குப் பலகையில் இருக்கும் ஒரு பெண்ணின் மடியில் விழும். அவள் அதை நம்புவாள். மீன்கள் முகத்தருகே வந்து நின்றதையும் நான்தான் கண்டேன். அதை உண்மை என்று யாருக்கும் சொன்னதில்லை. அதே தண்ணீருக்குள் கேட்ட அழுகையை மட்டும் எப்படிச் சொல்லிவந்தேன்?

இவரிடம் போய்க் கேட்டேன். அவர் முற்றத்தில் சயிக்கிள் ரியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளை அழுததோ?"

அவர் கையை எடுக்கவில்லை. "நீர்தானே சொன்னனீர், அழுததெண்டு."

"நான் உங்களைக் கேக்கிறன்."

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் மருந்துக்குப் போயிட்டன். வர அடுத்த நாள் பின்னேரம். எல்லாம் முடிஞ்சுது. நான் பிள்ளையைக் காணேல்லை."

இத்தனை வருடத்தில் எனக்கு அது தெரியாது. அவர் கண்டார், அவரே அடக்கம் செய்தார், அதனால்தான் பேசுவதில்லை என்று நினைத்திருந்தேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கொண்டுதானே எழும்பினனீர்." ரியூபைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்தார். குமிழி வரவில்லை. "எனக்கும் அது தேவையாய் இருந்தது. நான் காணாத பிள்ளை ஒருக்கா அழுதிருந்தாலும் பறவாயில்லையெண்டு."

அப்படியென்றால் அந்தப் பகலைக் கண்டவள் ஒருத்திதான். அவளை நாங்கள் இருவருமே கேட்டதில்லை. இடையில் எவ்வளவோ தரம் அவளைச் சந்தித்திருக்கிறேன். சுகம் விசாரித்திருக்கிறேன். அவளுடைய பிள்ளைகளுக்குச் சட்டை கொண்டுபோயிருக்கிறேன். அது என் துக்கம், அதில் எனக்குத் தெரியாத எதுவும் அவளிடம் இருக்காது என்று ஏனோ எண்ணியிருந்தேன்.

லெட்சுமி துணுக்காயிலேயே தங்கிவிட்டவள். குத்தகைக் காணியில் கச்சான் (நிலக்கடலை) செய்கிறாள். நாங்கள் போனபோது கச்சான் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தாள். தேத்தண்ணீர் வைத்தாள். நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"எழுதப் போறீங்களா? எதுக்குக்கா?"

"காய்ச்சலோட இருக்கிற பெண்களுக்கு உதவும் எண்டு கேட்டவை."

"உதவும்தான்." கோப்பையைக் கீழே வைத்தாள். "எதக் கேக்க வந்தீங்க?"

"அண்டைக்கு என்ன நடந்ததெண்டு. எனக்கு நினைவில்லை. நான் மயக்கம்."

லெட்சுமி என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"நீங்க மயக்கமில்லயே," என்றாள். "முழிச்சுத்தானே இருந்தீங்க."

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே தருகிறேன்.

"காலையில மயக்கம்தான். மத்தியானம் வலி வந்திச்சு. அப்ப கண்ண முழிச்சிட்டீங்க. நல்லாப் பேசினீங்க. எம் பேரச் சொல்லிக் கூப்டீங்க. நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தங்க இருந்தாங்க, அவங்க வேற ஆளப் பாக்க ஓடிட்டு ஓடிட்டு வந்தாங்க. புள்ள பொறந்திச்சு. சின்னப் புள்ள. மிஸ்ஸி பாத்திட்டு இல்லன்னு தலைய ஆட்டினாங்க. எங்கையில தந்தாங்க. சூடாத்தான் இருந்திச்சு, உங்க காய்ச்சல் சூடு. நீங்க கையக் காட்டினீங்க, தா தான்னு. குடுத்தேன். இந்தப் பக்கம், நெஞ்சோட வச்சிக்கிட்டீங்க. பொம்பளப் புள்ளயான்னு கேட்டீங்க. ஆமான்னேன். அப்பாவ மாதிரிக் காதுன்னீங்க. குளிரும், போத்துன்னீங்க. உங்க சீலையத்தான் கிழிச்சேன். நல்லா மழ பேஞ்சிச்சு அன்னைக்கு."

"மழை இல்லை," என்றார் இவர் மெதுவாக. "நான் அந்த வெயிலுக்குள்ளதான் சயிக்கிள் உழக்கினனான்."

"மழதாங்க," என்றாள். பிறகு, "எனக்கு மழையாத்தான் இருக்கு," என்றாள்.

நான் கேட்டேன்: "அழுததோ, லெட்சுமி?"

அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த கை.

"இதே மாதிரித்தான் அன்னைக்கும் கேட்டீங்க. இதே பேச்சு. அழுததோ லெட்சுமின்னு. நான் அழுதிச்சுக்கான்னு சொன்னேன். ரெண்டு தடவ அழுதிச்சு, சின்னதா, பூனக்குட்டி மாதிரின்னு சொன்னேன். நீங்க சரின்னு கண்ண மூடிட்டீங்க." முந்தானையைக் கீழே விட்டாள். "அழலக்கா. நான் சொன்ன பொய்யி அது. நீங்க பொழைக்க மாட்டீங்கன்னு நெனச்சேன். போறவங்க சந்தோசமாப் போகட்டும்னு."

தோட்டத்தில் கச்சான் கொடியை உதறும் சத்தம் கேட்டது.

"பொறவு நீங்க பொழைச்சிட்டீங்க," என்றாள். "ஊரெல்லாம் அதச் சொல்றீங்கன்னு கேள்விப்பட்டேன். எனக்குச் சோறு எறங்கல. வந்து சொல்லணும்னு நெனப்பேன். யாரும் கேக்கல. நானா வந்து எப்பிடிச் சொல்றது?"

நான் அவளுடைய கையைப் பிடித்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நான் நினைவில் வைத்திருந்தது நடக்கவில்லை. நடந்தது என் நினைவில் இல்லை. என் பிள்ளையை நான் தூக்கியிருக்கிறேன். அவளுடைய காதைப் பார்த்திருக்கிறேன். இத்தனை காலம், அவள் வந்துபோனபோது நான் அங்கே இல்லை என்றுதான் அழுதிருந்தேன்.

"பிள்ளையை எங்க தாட்டனீங்கள்?" என்று இவர் கேட்டார்.

"காட்டுறேன் வாங்க."

அந்தப் பள்ளிக்கூடம் இப்போது மறுபடியும் பள்ளிக்கூடம். வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. ஏதோ ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. கட்டடத்துக்குப் பின்னால், வேலியோரம், ஒரு பாலை மரத்தடிக்கு லெட்சுமி நேராகப் போனாள். அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆஸ்பத்திரித் தொழிலாளி ஒருவர் குழி வெட்டித் தந்தாராம். இவள்தான் உள்ளே வைத்தாளாம்.

இவர் செருப்பைக் கழற்றினார். குந்தியிருந்து, உள்ளங்கையை நிலத்தில் விரித்து வைத்தார். வாய்ப்பாடு முடிந்து, மணி அடித்து, பிள்ளைகள் வெளியே ஓடிவரும்வரை அப்படியே இருந்தார். எழுந்தபோது லெட்சுமியிடம், "நன்றியெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை," என்றார்.

"வேணாங்க," என்றாள் அவள்.

திரும்பிவரும் வழியில் அவர் ஒன்று கேட்டார். எழுதினால் தன் பெயரைப் போட வேண்டாம் என்றார். "அண்டைக்கு நான் அங்க இருக்கேல்லை. இருந்த மாதிரிப் பேர் இருக்கக் கூடாது." மருந்துக்காகத்தானே போனீர்கள், அது வந்திராவிட்டால் நான் இல்லையே என்றேன். அது வேறு கதை என்றார்.

எழுதி முடித்தபின் மீண்டும் ஒருமுறை லெட்சுமியிடம் போனேன். அவளுக்கு வேகமாக வாசிக்க வராது. ஆகவே வாசித்துக் காட்டினேன். அவளுக்கு வேறு பெயர் வைத்திருந்தேன். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் வைத்தேன்.

"இது யாரு?" என்றாள்.

"நீர்தான். பேரை மாத்தியிருக்கிறன். பொய் சொன்னதெண்டு வருகுது, அதுதான்."

யோசித்தாள். "பொய் சொன்னதும் நான்தான், புள்ளயத் தூக்கினதும் நான்தான். வேற பேரு போட்டா வேற யாரோ தூக்கினதா ஆயிடும். எம் பேரையே போடுங்க."

போட்டேன். மழையையும் அவள் சொன்னபடி விட்டிருக்கிறேன். வெயிலையும் அவர் சொன்னபடி.

கிளினிக்கில் இதைக் கேட்கப்போகும் தங்கைமாருக்கு: உங்கள் உடம்பு மயங்கும் நேரங்களில் உங்கள் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று பிறகு கேளுங்கள். சீக்கிரம் கேளுங்கள். நாங்கள் இல்லாத நேரத்தில் எங்கள் வாழ்க்கையை அவர்கள்தான் பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளையை இழந்த பிறகு எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். வவுனியாவில் பிறந்தான். வலி கூடியபோது மருத்துவமாது கண்ணை மூடி மூச்சு விடச் சொன்னாள். நான் மூடவில்லை. கூரையைப் பார்த்தேன், அவளுடைய கையைப் பார்த்தேன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எதையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் போய்விடாது என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நான் வாழ்ந்த ஒரு மத்தியானம் எனக்குள் வராமல் வெளியே நிற்கிறது. அதற்கு வயது ஏறவில்லை. அதில் எனக்கு இன்னும் தலைமயிர் கொட்டவில்லை. அவர் இன்னும் காட்டுப் பாதையில் போய்க்கொண்டிருக்கிறார்.

லெட்சுமியைக் கண்டு துணுக்காயில் இருந்து திரும்பி வந்த நாள் முதல் சில மத்தியானங்களில், வேலையில்லாமல் வாசலில் இருக்கும்போது, என் இடது கை தானாக மடிந்து நெஞ்சோடு சேர்ந்து நிற்பதைக் காண்கிறேன். முழங்கையின் உட்பக்கம் சற்றுச் சூடாக இருக்கும். அது கை தன்னிடம் வைத்திருந்த நினைவா, லெட்சுமி சொல்லக் கேட்டபின் அது பழகிக்கொண்டதா, எனக்குத் தெரியாது. தெரியாது என்றே எழுதுகிறேன். கையை எடுக்காமல், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கிறேன்.